அம்ஹர் மாட்டிய சீட்

நுவரெலியா
21 ஜனவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

போனில் சொல்ல முடியாத ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நான் எப்போது கூப்பிட்டாலும் உங்கள் கை கிரீஸாக இருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுப் பலகையில் வைத்துவிடுகிறீர்கள். டியூப் ஒட்ட வந்தவர், டீ கொண்டுவந்தவர், சும்மா பேப்பர் படிக்க வந்தவர் என்று கடையில் இருக்கிற எல்லோரும் நான் பேசுவதைக் கேட்கிறார்கள். வீட்டில் என்றால் அத்தை கேட்கிறார். இது அவர்களெல்லாம் கேட்கிற விஷயம் இல்லை.

நீங்கள் வாங்கிக் கொடுத்த சைக்கிள் சீட்டைக் கழற்றிவிட்டேன்.

கோபப்படாமல் மிச்சத்தையும் வாசியுங்கள். நம் ஊரில் லயத்து வீட்டிலிருந்து பஜாருக்கு ஓட்டும்போது அந்தச் சீட் மெத்தை மாதிரி இருந்தது உண்மை. மழையில் ஹட்டனுக்குப் போய் அதைத் தேடி வாங்கி வந்தீர்கள். அங்கே இருந்ததிலேயே பெரியது இதுதான் என்று அழுத்தி அழுத்திக் காட்டினீர்கள். ஆனால் அதை இங்கே கொண்டுவந்து கம்பெனி சைக்கிளில் மாட்டி, சுற்றுலா வந்த வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நாள் முழுக்க தேயிலைத் தோட்டத்துக் கல் ரோட்டில் ஓட்ட வேண்டியிருக்கிறது. வேலைக்கு வந்த இரண்டாவது வாரமே தோல் உரிந்துவிட்டது. பாத்ரூம் போனால் எரிச்சல். குப்புறப் படுத்துத்தான் தூங்கினேன். என்னோடு ஒரே அறையில் இருக்கிற சமையல்கார நாகலெட்சுமி அக்காதான் தேங்காய் எண்ணெய் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன். பொய். லீவு கொடுத்தார்கள். ஊர் வரைக்கும் பஸ்ஸில் உட்கார்ந்து வர என்னால் முடியவில்லை.

நீங்கள் கேட்ட போதெல்லாம் "சீட் சூப்பரா இருக்குங்க" என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தப் பக்கம் எத்தனை பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களோ.

இங்கே சைக்கிள்களைப் பார்த்துக்கொள்கிறவர் பெயர் அம்ஹர். டவுன்காரர். ஒருநாள் நான் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தியதும் கேட்டார்.

"ராணி, எறக்கம் முடிஞ்ச பொறகும் ஏன் நின்னுக்கிட்டே ஓட்டுறீங்க?"

"பழக்கம்."

"வலிக்குதா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து ஒரு துண்டைக் கொடுத்தார். அறையில் போய் இதன் மேல் உட்கார்ந்து எழும்புங்கள், இரண்டு குழி விழும், அந்தக் குழிகளுக்கு நடுவில் எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள் என்றார். உட்காரும் எலும்பு அகலமாக இருக்கிறவர்களுக்கு அகலமான சீட் வேண்டுமாம். பஞ்சு தடிப்பாக இருந்தால் கொஞ்ச தூரத்துக்குச் சுகம்; நாள் முழுக்க உட்கார்ந்தால் எலும்பு உள்ளே இறங்க, நடுவில் பஞ்சு எழும்பி நசுக்குமாம். ஸ்டோரில் கிடந்த பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தோம். ஒன்று குத்தியது. ஒன்றில் கால் மரத்துப் போனது. கடைசியில் ஒன்று சரிவந்தது. ஒல்லியாக, கட்டியாக, நடுவில் பள்ளத்தோடு, பார்க்கவே பிடிக்காது. ஆனால் நேற்று கந்தப்பளை வரைக்கும் போய் வந்து சாதாரண மனுசி மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டேன்.

உங்கள் சீட்டைக் கழுவி ஸ்டோரில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஜீவராணி

* * *

பொகவந்தலாவை
28 ஜனவரி 2024

ஜீவாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கடையில் வேலை அதிகம். அம்மாவுக்கு முழங்கால் வலி. மற்றபடி சுகம்.

வலித்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சைக்கிள் கடைக்காரன். இந்தப் பஜாரில் சீட்டுக்கும் செயினுக்கும் என்னிடம்தான் வருகிறார்கள். என் பெண்டாட்டி வேறொருத்தனிடம் போயிருக்கிறாள்.

அவன் கேட்டான், நீ அழுதாய். என் முன்னால் நீ அழுது நான் பார்த்ததில்லை. என் தங்கச்சி கல்யாணத்தில் எல்லோரும் அழுதபோது கூட நீ சோறு பரிமாறிக்கொண்டிருந்தாய்.

சில விஷயம் கேட்க வேண்டும். அந்த அட்டை இப்போது எங்கே? அளந்தது யார்? உன்னையே அளக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறாய், சரி. அளவை அவனிடம் வாயால் சொன்னாயா, எழுதிக் கொடுத்தாயா? மூன்று வருஷமாக உன்னோடு ஒரே பாயில் படுக்கிறவன் நான். உன் எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்று எனக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும்.

ராணி என்று கூப்பிடுகிறானாமே. அது எப்போதிருந்து?

மரக்கறி லொறி ஓட்டுகிற மூக்கன் வந்திருந்தான். உன்னை நுவரெலியா மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் பார்த்ததாகச் சொன்னான். "ஒன் சம்சாரம் நல்லா சிரிச்சுப் பேசிக்கிட்டு நிக்குது மச்சான். கூட ஒரு உயரமான ஆளு" என்றான். நான் அது அவள் ஒபிஸ் ஆள் என்று சொல்லிவிட்டு செயினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஏற்கெனவே துடைத்த செயின்.

அவன் உயரமா?

என் சீட்டை ஸ்டோரில் வைக்க வேண்டாம். அறையில் வை.

சுதாகரன்

* * *

நுவரெலியா
5 பெப்ரவரி 2024

அன்புள்ள மச்சானுக்கு,

அட்டை குப்பையில். அளந்தது நான். ஸ்கேலைப் பிடித்தது நாகலெட்சுமி அக்கா. அளவை வாயால் சொன்னேன், எழுதவில்லை. இங்கே எல்லோருக்கும் நான் ராணிதான். வருகிறவர்களுக்கு முழுப் பெயர் வாயில் நுழையாது. ஆமாம், அவர் உயரம்தான். மூக்கன் அண்ணனுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது, ஆனால் பக்கத்திலேயே நின்ற நாலு பேரை மட்டும் தெரியவில்லை.

எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டேன். இனி நான் கேட்கிறேன். இவ்வளவு கேட்டீர்களே, "இப்போது வலி இருக்கிறதா?" என்று ஒரு வரி கேட்டீர்களா? கடிதத்தை மூன்று தரம் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கமும் பார்த்தேன்.

உங்களைப் புண்படுத்தக்கூடாது என்றுதான் புண்ணோடு ஓட்டினேன். அது என் முட்டாள்தனம். உங்கள் கடிதத்தைப் பார்த்ததும் அது நன்றாகப் புரிந்துவிட்டது. நான் வலியை மறைத்தபோது நல்ல பெண்டாட்டியாக இருந்தேன். சொன்னதும் கெட்டவளாகிவிட்டேன்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அதைச் சந்தோஷமாக எழுத நினைத்திருந்தேன். வருகிற 19ஆம் திகதி திங்கட்கிழமை ஒரு குழு ஹப்புத்தளைக்குப் போகிறது. பட்டிப்பொல, ஒஹிய வழியாக, இடையில் தங்கித் தங்கி மூன்று நாள் பயணம். முன்னால் போய் வழிகாட்டப் போவது நான். முதலாளி வேனில் பின்னால் வருவார். இது நன்றாக நடந்தால் ஏப்ரல் சீசனில் பெரிய குழுக்களை என்னிடமே தருவதாகச் சொல்லியிருக்கிறார். இங்கே இதுவரைக்கும் இப்படிப் பெரிய பயணத்தில் ஒரு பெண்ணும் முன்னால் போனதில்லை.

சந்தேகம் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள். ஒளிக்க ஒன்றும் இல்லை.

ஜீவராணி

* * *

பொகவந்தலாவை
11 பெப்ரவரி 2024

ஜீவா,

18ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சந்தேகத்தில் இல்லை. நீ மறுநாள் பெரிய பயணம் போகிறாய் என்பதால். அம்மா அதிரசம் தருவதாகச் சொன்னார்கள். செயின், பிரேக் எல்லாம் நானே ஒரு தரம் பார்த்துத் தருகிறேன். வேறு யாரும் தொட வேண்டாம்.

சுதாகரன்

* * *

நுவரெலியா
25 பெப்ரவரி 2024

நீங்கள் வந்தீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அம்ஹரோடு உட்கார்ந்து டீ குடித்தீர்கள். அவர் சாமான்களை எடுத்துக் காட்டியபோது குனிந்து பார்த்தீர்கள், ஏதோ சொல்லிச் சிரித்தீர்கள். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நான் உங்களுக்கு முட்டை பொரித்தேன். நாகலெட்சுமி அக்கா சொன்னார்: "ஒம் புருசன் நல்ல மனுசன்தான்டி. நீதான் என்னென்னமோ சொன்ன." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, இவரைப் பற்றியா அப்படி நினைத்தோம் என்று.

சாப்பிட்டதும் அம்ஹர் வீட்டுக்குப் போய்விட்டார். பதுளையில் ஒரு கல்யாணம், மூன்று நாள் லீவு. நீங்கள், "நான் ஒருக்கா சைக்கிளப் பாக்குறேன், நீ ரெஸ்ட் எடு" என்றீர்கள். நான் எடுத்தேன்.

திங்கட்கிழமை காலையில் எட்டுப் பேர் தொப்பி மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். நான் சைக்கிளை வெளியே எடுத்தால், அதில் நான் ஸ்டோரில் வைத்திருந்த உங்கள் சீட். என்னுடையதைக் காணோம். மற்றச் சீட்டுகள் இருக்கிற அலுமாரிச் சாவி அம்ஹரோடு பதுளைக்குப் போய்விட்டது.

என்ன செய்யச் சொல்கிறீர்கள்? ஓட்டினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே பழைய புண் திறந்துவிட்டது. இரண்டாம் நாள் ஒஹியவுக்கு ஏறும்போது காற்சட்டையில் ரத்தம். பின்னால் வந்த ஒரு பெண்மணி பார்த்துவிட்டு ஓடி வந்து தன் ஜெர்சியை என் இடுப்பில் கட்டிவிட்டார். முதலாளி வேனை நிறுத்தினார். என்னை உள்ளே படுக்க வைத்துவிட்டு, சுமனை முன்னால் போகச் சொன்னார். உதவிக்கு வந்திருந்த கந்தப்பளைப் பையன் அவன். ஹப்புத்தளையை நான் வேன் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

ஏப்ரல் குழுக்கள் சுமனுக்கு. முதலாளி திட்டவில்லை. "ஒடம்பப் பாத்துக்க புள்ள, இது பொம்பளைகளுக்குக் கொஞ்சம் கஷ்டந்தான்" என்றார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

அம்ஹர் திரும்பி வந்து, சீட்டை யார் மாற்றியது என்று கேட்டார். தெரியாது என்றேன். எனக்கு ஒரு கெடுதலும் செய்யாத மனுசனிடம் உங்களுக்காகப் பொய் சொன்னேன்.

போன் பண்ணாதீர்கள். எடுக்க மாட்டேன்.

ஜீவராணி

* * *

பொகவந்தலாவை
17 மார்ச் 2024

ஜீவா,

இது நான் எழுதும் நாலாவது கடிதம். முதல் மூன்றையும் கிழித்துவிட்டேன். அவற்றில் காரணம் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு அவனோடு சிரித்தது பொய்ச் சிரிப்பு இல்லை. அவன் நல்ல வேலைக்காரன். ஆனால் போகும் முன் உன் சைக்கிளைக் காட்டி, "இப்ப ராணிக்கு எல்லாம் சரியா இருக்கு அண்ணே" என்று சீட்டை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான். குதிரையைத் தட்டுவது போலத்தான் நானும் வாடிக்கைக்காரன் சீட்டைத் தட்டுவேன். ஆயிரம் சீட் தட்டியிருப்பேன். ஆனாலும் அந்தக் கையை என்னால் பார்க்க முடியவில்லை; அவன் போனதும் ஸ்பேனரை எடுத்தேன்.

உனக்கு வலிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சத்தியம். அந்த நேரம் உன் வலி என் ஞாபகத்திலேயே இல்லை. அதுதான் அதைவிட மோசம் என்று இப்போது தெரிகிறது. என் சீட் உன் சைக்கிளில் இருக்க வேண்டும். அது மட்டும்தான் மண்டையில் இருந்தது.

அவன் சீட்டைப் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். மறுநாள் கடையில் வைத்துக் கத்தியால் பிளந்தேன். அப்படி என்னதான் வைத்திருக்கிறான் என்று பார்க்க. ஒன்றும் இல்லை. கையளவு ரப்பர், அதற்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு. அவ்வளவுதான். பிளந்ததைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பிள்ளை பெல் வாங்க வந்து நின்றது கூடத் தெரியவில்லை.

உன் கடிதம் வந்த பிறகு, நீ இங்கே ஓட்டிக்கொண்டிருந்த சைக்கிளில் உனக்கு வாங்கியது போலவே பெரிய சீட் ஒன்றை மாட்டினேன். காலையில் கிளம்பி நோர்வூட் இறங்கி, தோட்டத்துக் கல் ரோடெல்லாம் சுற்றி ஹட்டன் ஏறினேன். போகும்போது சுகம். கடைக்காரனுக்கு அந்தச் சுகம் போதும், அதை வைத்துத்தான் விற்கிறோம். திரும்பும்போது நான் உட்காரவில்லை. பாதித் தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன். நீ இதில் ஒரு மாதம் ஓட்டிவிட்டு எனக்குப் போனில் சூப்பர் என்று சொன்னாய்.

வீட்டில் அம்மா கேட்டார்கள்: "ஏன்டா நின்னுக்கிட்டே திங்கிற?"

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அம்ஹரை நினைத்தால் இன்னும் எரிகிறது. தப்பு என் மேல் என்று தெரிந்த பிறகும் எரிகிறது. இது எப்போது நிற்கும் என்று தெரியவில்லை.

நான் கெடுத்ததை நானே வாங்கித் தருகிறேன். அவனிடம் கேட்க மாட்டேன், உன்னிடம் கேட்கிறேன். உன் அளவு என்ன?

சுதாகரன்

* * *

நுவரெலியா
31 மார்ச் 2024

மச்சானுக்கு,

கடிதத்தை வாசித்துவிட்டு பத்து நாள் பதில் எழுதாமல் இருந்தேன். வேண்டுமென்றுதான்.

அந்தச் சீட்டைப் பிளந்ததை வாசித்தபோது எனக்குப் பயமாக இருந்தது. நீங்கள் நின்றுகொண்டு சாப்பிட்டதை வாசித்தபோது சிரித்துவிட்டேன். பிறகு, சிரித்ததற்காக என் மேலேயே கோபம் வந்தது. இப்படித்தான் பத்து நாளும் போனது.

சீட் வாங்க வேண்டாம். கண்டியில் ஒரு கடையில் சொல்லி என் அளவுக்கு எடுத்துவிட்டேன். என் சம்பளத்தில். நானே மாட்டி, நானே முன்பக்கம் ஒரு மயிரிழை தாழ்த்தினேன். மூன்று நாள் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, இப்போது சரியாக இருக்கிறது. அம்ஹர் ஸ்பேனரைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். பாவம்.

சுமனுக்கு வேலை அதிகமாகிவிட்டது. ஏப்ரலில் இரண்டாவது குழுவை நான் கேட்டேன். முதலாளி யோசித்தார். "என் ஒடம்புல ஒண்ணும் இல்ல சேர், சீட்லதான் கொளாறு இருந்துச்சு" என்றேன். கொடுத்தார். இன்னும் ஒரு வருஷம் இங்கே இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். உங்களைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அம்ஹரிடம் நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. அது என் வேலை இல்லை.

நீங்கள் மறைக்காமல் எழுதியதால் நானும் ஒன்றை எழுதுகிறேன். அம்ஹர் மேல் எனக்கும் பொறாமையாக இருக்கிறது. மூன்று வருஷத்தில் நீங்கள் எனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். எல்லாம் அவரைப் பற்றி. அவர் கை, அவர் உயரம், அவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று. நான் எங்கே போகிறேன், என்ன பார்க்கிறேன், எப்போது யாரோடும் பேசாமல் இருக்கிறேன் என்று ஒன்றும் இல்லை. சண்டை போட்டதே நீங்கள் இருவரும் மாதிரி இருக்கிறது, நான் நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

அளவு கேட்டீர்கள். சொல்ல மாட்டேன். அது வெறும் அளவு. சீட் கிடைத்துவிட்டது. வேறு எதையாவது கேளுங்கள்.

ஜீவா

* * *

பொகவந்தலாவை
7 ஏப்ரல் 2024

அன்புள்ள ஜீவாவுக்கு,

நேற்றுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, கடைக் கதவைச் சாத்திவிட்டு அம்ஹருக்குப் போன் பண்ணினேன். நான்தான் கழற்றினேன் என்று சொன்னேன்.

அவன் சொன்னான்: "தெரியும் அண்ணே. நட்டுல கிரீஸ் போட்டு அளவா இறுக்கியிருந்துச்சு. திருட வந்தவன் அப்பிடிச் செய்ய மாட்டான்."

"அப்புறம் ஏன் ஜீவாகிட்ட சொல்லல?"

"அவங்க தெரியாதுன்னாங்க. நான் என்னத்தச் சொல்ல?"

மன்னிப்புக் கேட்டேன். சரி அண்ணே என்றான். ஒரு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவன் நல்லவனாகவும் இருப்பதுதான் தாங்க முடியவில்லை.

ஒரு வருஷம் என்று எழுதியிருந்தாய். வாசித்ததும் கோபம் வந்தது, பிறகு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அம்மாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். நீ ஒன்றும் சொல்ல வேண்டாம்.

வேறு எதையாவது கேளுங்கள் என்றாய். நாலைந்து நாளாக யோசிக்கிறேன். உன்னிடம் எதுவும் கேட்டுப் பழக்கம் இல்லை என்பது பேப்பரை எடுத்து வைத்த பிறகுதான் தெரிந்தது. கடையில் உட்கார்ந்து நீ போகிற ரோட்டைப் போனில் படம் பார்த்தேன். ஒஹியவுக்கு மேலே ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் மூட்டம். அதில் நீ முன்னால் போகிறாய், எட்டுப் பேர் உன்னை நம்பிப் பின்னால் வருகிறார்கள்.

அந்த இறக்கத்தில் உனக்குப் பயமாக இருக்குமா, ஜீவா? பயந்தால் என்ன செய்வாய்?

இதையும் அம்ஹர் ஏற்கெனவே உன்னிடம் கேட்டிருந்தால், தயவுசெய்து எனக்குச் சொல்லிவிடாதே.

சுதாகரன்